பார்க்காத வானம்

ஜூன் 4

அன்புள்ள வாலுக்கு,

காற்று தென்மேற்கிலிருந்து, மெல்ல. வானம் பாதி மேகம். கடல் அமைதி. கடல் என்றால் நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிதான். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு மிஞ்சியது அவ்வளவே. இங்கே இருவர் சுகம். அங்கே ஒருத்தி எப்படி?

நீ தீவுக்குக் கிளம்பிய அன்று உங்கம்மா உன் அறைப் பக்கமே போகவில்லை. நான்தான் போய்ப் படுக்கையை விரித்து மூலை மடித்து, மேசையைத் துடைத்து, கப்பலில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சோதனைக்குப் போலத் தயாராக வைத்தேன். சோதனை போட வந்த அதிகாரியும் நானே. குறை ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு வருஷம் தீவை விட்டு நகராமல் இருந்தால்தான் வேலை நிரந்தரம் என்கிறார்கள். மூன்று தடவை பரீட்சை எழுதி வாங்கிய வானிலை நிலைய வேலை, வாலு. நீர்மூழ்கிக் கப்பலில் எழுபது நாள் தொடர்ந்து தண்ணீருக்கு அடியில் இருந்தவன் சொல்கிறேன்: முதல் பத்து நாள்தான் கஷ்டம். பதினோராம் நாள் பக்கத்துப் படுக்கைக்காரனின் குறட்டைகூடப் பிடித்துவிடும்.

நம் வீட்டு மாடிப்படி பதினாறுதானே? இந்த வாரம் இருபது போலத் தோன்றியது. எண்ணிப் பார்த்தேன். பதினாறுதான்.

உங்கம்மா உன்னைச் சாப்பிடச் சொன்னாள். எந்த வேளை என்று சொல்லவில்லை, எல்லா வேளையும் என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா


ஜூன் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து, பலமாக. இதை நான் உங்களைப் போலக் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. கருவி பார்த்துச் சொல்கிறேன்.

தீவில் மொத்தம் நான்கு பேர்: நிலையத் தலைவர், சமையற்காரர், வானொலிக்காரர், நான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே போய் வெப்பம், காற்று, மழைமானி எல்லாம் பார்த்து ஏட்டில் எழுத வேண்டும். வானத்தை எட்டுப் பங்காக நினைத்து அதில் எத்தனை பங்கு மேகம் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் "எட்டில் நாலரை" என்று எழுதினேன். தலைவர் பார்த்துவிட்டு, "அரையெல்லாம் கடைக்காரன் கொடுப்பான்மா, வானம் கொடுக்காது" என்றார்.

தொலைபேசி கிடையாது. வானொலியில் சொந்தக் கதை பேசக் கூடாது. மாதம் இரண்டு தடவை படகு வரும், அதுதான் உங்களுக்கும் எனக்கும் பாலம்.

இங்கே காற்றில் தலைமுடி நிற்கவே மாட்டேன் என்கிறது. பள்ளிக்கூட நாளில் நீங்கள் விடுமுறையில் வந்தால் கயிறு பின்னுகிற மாதிரி எனக்குப் பின்னிவிடுவீர்களே, சாயங்காலம் அம்மா அதை அவிழ்க்கத் திண்டாடுவாள். அந்தப் பின்னல் வேண்டும் இப்போது.

மாடிப்படி என்ன கணக்கு அது? டாக்டரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
வாலு


ஜூலை 6

அன்புள்ள வாலுக்கு,

காற்று இல்லை. வானம் முழு மேகம், ஆனால் மழை பெய்யும் உத்தேசம் அதற்கு இல்லை. இருவரும் சுகம்.

எட்டில் நாலரை என்று எழுதியதை உங்கம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்பன் புத்தி" என்றாள். பாராட்டா திட்டா என்று கேட்கவில்லை.

டாக்டரிடம் காட்டினேன். பல்லில்தான் கோளாறாம். அதற்காக நாலைந்து தடவை அலைய வேண்டியிருக்கும். பல்லுக்கும் மாடிப்படிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே, டாக்டர் படித்தவர்.

ஒரு விஷயம். அடுத்த மாதம் முதல் பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம், தேதி தவறாமல் வரும். நீ கேட்கிற ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் பதில் வரவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எனக்கு வயதாகிறது. கேள்வியைப் படித்துவிட்டுக் கண்ணாடியை எங்கேயோ வைத்து, கண்ணாடியைத் தேடும்போது கேள்வியைத் தொலைத்துவிடுகிறேன்.

எது நடந்தாலும் வருஷத்தை முடி. இடையில் கரையேறாதே.

இப்படிக்கு,
உன் அப்பா


ஆகஸ்ட் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் பல் சுகமா? போன படகுக்குள் எழுதி முடிக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

முதலில் ஒரு சந்தேகம். கருவிப் பெட்டியின் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது. கயிறு போட்டுக் கட்டினால் மழையில் நனைந்து, காய்ந்ததும் இறுகிப்போய், அவிழ்ப்பதற்குள் அளவெடுக்கும் நேரம் தாண்டிவிடுகிறது. நனைந்தாலும் ஒரே இழுப்பில் வருகிற முடிச்சு ஒன்று சொல்லுங்கள். இதை மட்டும் தொலைக்காதீர்கள்.

இரண்டாவது, நல்ல செய்தி. கரையோர நிலையங்கள் எல்லாம் காலையில் அனுப்பும் அறிக்கையை ஏட்டில் ஏற்றும் வேலை இன்று முதல் என்னிடம் வந்திருக்கிறது. நம் ஊர் பதினோராவது வரியில் வரும். இனி நீங்கள் அங்கே எந்த வானத்தைப் பார்க்கிறீர்கள் என்று தினமும் எனக்குத் தெரியும்.

உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? ஏழு வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கப்பலிலிருந்து உங்கள் கடிதம் வரும். முதல் வரியில் வானம் இருக்கும். அதைப் படித்ததும் மாடிக்கு ஓடி நம் வானத்தைப் பார்ப்பேன், அப்பாவுடையதும் இதுவும் ஒன்றா என்று. நான் இந்த வேலைக்கு வந்தது அதனால்தான். பரீட்சையில் வேறு காரணம் எழுதினேன்.

அம்மா ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை?

அன்புடன்,
வாலு


ஆகஸ்ட் 10

அன்புள்ள வாலுக்கு,

காற்று வடமேற்கிலிருந்து, இதமாக. வானத்தில் ஆங்காங்கே பஞ்சு. இருவரும் சுகம், பல் உட்பட.

கீழ் வீட்டுத் தையற்காரர் என் சட்டைக்கு இரண்டு பையும் இடது பக்கமே வைத்துவிட்டார். "உங்களுக்கு வலது கைப் பழக்கமாச்சே சார், எடுக்கச் சுலபம்" என்று விளக்கம் வேறு. அவரைத் திட்ட மனம் வரவில்லை, போட்டுக்கொண்டு திரிகிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு. முழங்கால் நனையாமல் பார்த்துக்கொள். கரையில் இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படுவது கப்பலில் இருப்பவர்களுக்குத் தடை செய்யப்பட்ட விஷயம்.

இப்படிக்கு,
உன் அப்பா


ஆகஸ்ட் 24

அன்புள்ள வாலுக்கு,

காற்று மெல்ல வீசுகிறது. வானம் துடைத்து வைத்த தட்டு. காலையில் கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. இருவரும் சுகம்.

வெயில் நன்றாக இருப்பதால் மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் நிற வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறேன். உங்கம்மா கீழேயிருந்து, "வீட்டை எப்ப தண்ணில இறக்கப் போறீங்க?" என்று கேட்கிறாள். இருபத்தெட்டு வருஷம் இவளோடு வாழ்ந்ததில் ஒரு நாளும் வாயில் தோற்கடித்ததில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான் என்று அவளிடம் சொன்னதில்லை. நீயும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா


செப்டம்பர் 1

அம்மாவுக்கு,

இந்தக் கடிதம் உனக்கு. அப்பாவுக்கு இல்லை. படகு ஒரு மணி நேரம்தான் நிற்கும், அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 24 காலை வந்த அறிக்கையின் பதினோராவது வரி என் முன்னால் இருக்கிறது. நம் ஊரில் காற்று மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். மழை நூற்று இருபத்து மூன்று மில்லிமீட்டர். வானம் எட்டில் எட்டு. என் கையாலேயே ஏட்டில் ஏற்றினேன். அன்றைக்குத் தேதி போட்ட கடிதத்தில் அப்பா துணி காயவைக்கிறார், சுவருக்கு வண்ணம் அடிக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழுப் புயலையே மறைக்கிறார் மனுஷன்.

ஆகஸ்ட் 10 கடிதத்தையும் எடுத்து ஒப்பிட்டேன். அன்றும் இதமும் இல்லை பஞ்சும் இல்லை, அடைமழை. நான் கேட்ட முடிச்சுக்குப் பதில் இல்லை. முடிச்சைப் பற்றிக் கேட்டால் பத்துப் பக்கம் எழுதுகிற ஆள் அவர். இரண்டு கடிதமும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே தாள் கட்டு. இவை அந்தத் தேதிகளில் எழுதப்பட்டவை இல்லை. முன்னாலேயே எழுதி வைத்தவை.

அப்படியென்றால் இப்போது அவரால் ஏன் எழுத முடியவில்லை?

அம்மா, எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அப்பா உயிரோடு இருக்கிறாரா? தலைமையகத்தைக் கேட்டு விசாரிக்கலாம். விசாரித்த கையோடு என்னைக் கரைக்கு அனுப்பி வேலையையும் முடித்துவிடுவார்கள். அதனால் பதினைந்து நாள் பொறுக்கிறேன். அடுத்த படகில் உன் கையெழுத்து வர வேண்டும். அவர் எழுத்து வேண்டாம், உன்னுடையது. வராவிட்டால் அந்தப் படகிலேயே நான் ஏறிவிடுவேன். வேலை போனால் போகட்டும்.

வாலு


செப்டம்பர் 7

அன்புள்ள வாலுக்கு,

காற்று கிழக்கிலிருந்து. வானம் நீலம், பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை. இருவரும் சுகம்.

போன கடிதத்தில் நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், நன்றாக இருக்கிறேன். நீ வேறு ஏதாவது கேட்டிருந்தால், உன் இஷ்டப்படி செய். உன் முடிவு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

தையற்காரர் மூன்றாவது பையையும் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா


செப்டம்பர் 9

வாலுக்கண்ணுக்கு அம்மா எழுதறது.

அப்பா இருக்கார். முதல்ல அதைப் படிச்சுட்டு, உக்காந்து, தண்ணி குடிச்சுட்டு மிச்சத்தைப் படி.

எனக்கு எழுத்து நடை வராது. பேசற மாதிரியேதான் எழுதறேன். இத்தனை வருஷமா ஒரு வரி எழுதாததுக்கு அதுதான் காரணம், உன் மேல பாசம் இல்லாம இல்ல. உன் அப்பா அழகா எழுதறார், பக்கத்துல என் கோழிக் கிறுக்கல் எதுக்குன்னு விட்டுட்டேன்.

பல்லெல்லாம் இல்ல. நெஞ்சுல வால்வு. "இருபது வருஷம் கப்பல் வால்வைப் பாத்துக்கிட்டேன், சொந்த வால்வைக் கவனிக்கலையே"ன்னு டாக்டர்கிட்டயே சிரிச்சார். ஆகஸ்ட் மூணாம் தேதி ஆபரேஷன். நல்லா முடிஞ்சுதுன்னாங்க. அஞ்சாம் நாள் காய்ச்சல் வந்து, நுரையீரல்ல சளி கட்டி, பதினெட்டு நாள் கண்ணே தெறக்கல. அந்தப் பதினெட்டு நாள் நான் என்ன பாடுபட்டேன்னு எழுத மாட்டேன். இப்ப வார்டுக்கு மாத்திட்டாங்க. பேசறார், கஞ்சி குடிக்கறார், நர்ஸம்மாகிட்ட கட்டிலை எப்படி விரிக்கணும்னு பாடம் நடத்தறார். கைதான் நடுங்குது, பேனா பிடிக்க வரல.

ஜூலை முழுக்க உக்காந்து உனக்குக் கடிதமா எழுதினார். ஒட்டி, மேல தேதி போட்டு என் கையில குடுத்தார். "தேதி பாத்துத் தபால்ல போடு, அவ வருஷத்தைப் பாதியில விட்டுட்டு வரக் கூடாது"ன்னார். உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல. ஆகஸ்ட் 24 அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து கிளம்பி, முழங்கால் தண்ணியில, குடை மடங்கி, தொப்பலா நனைஞ்சு போய்த் தபால் பெட்டியில போட்டேனே, அதுக்குள்ள துணி காயுதாமே. உன் கடிதத்தைப் படிச்சதும் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துது.

மொத்தம் இருபத்திரெண்டு. கடைசித் தேதி அடுத்த மே 31. உன் வருஷம் முடியற வரைக்கும் எழுதி வச்சிருக்கார். தான் பொழைச்சு வருவோம்னு அவர் நினைக்கலடி. அன்னிக்கு என்கிட்ட சொல்லல, எண்ணிப் பாத்தப்பதான் எனக்கே புரிஞ்சுது. மூணு போட்டாச்சு, பத்தொன்பது அலமாரியில இருக்கு. ஏழாம் தேதிக் கடிதத்தைக் காலையில போட்டுட்டு வரேன், சாயங்காலம் உன் கடிதம் வந்துது. ரெண்டு நாளா எழுதறதும் கிழிக்கறதுமா இருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், வயித்துல வச்சு வச்சுப் புளிச்சுப் போச்சு. நீ சின்னவளா இருந்தப்ப ஞாயித்துக்கிழமை வந்த கடிதமெல்லாமும் இதே மாதிரிதான். கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியே பத்துப் பத்தா எழுதித் தையல் மிஷின் டிராயர்ல வச்சுட்டுப் போவார். வாரம் ஒண்ணு எடுத்து வாசல்ல போட்டுட்டு, "தபால் வந்திருக்கு பாரு"ம்பேன். நீ எழுதின பதிலையெல்லாம் சேத்து வச்சிருப்பேன். திரும்பி வந்ததும் குளிக்காமகூட உக்காந்து எல்லாத்தையும் படிப்பார்.

வரணும்னா வா. வராதேன்னு நான் சொல்ல மாட்டேன், அவர்தான் சொல்லுவார்.

அம்மா


செப்டம்பர் 15

அப்பாவுக்கு,

அம்மா இதை உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். இன்று படகில் இரண்டு கடிதம் வந்தன. உங்கள் கையெழுத்து மேலே இருந்தது. அதைப் பிரிக்காமல் தள்ளி வைத்துவிட்டு அம்மாவுடையதைத் தேடினேன். உங்கள் கடிதத்தைக் கண்டு நான் பயந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. அது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

"அப்பா இருக்கார்" என்பதைப் படித்துவிட்டு மழைமானிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். சமையற்காரர் வந்து, "மழை எவ்வளவும்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சூடாக ஒரு டம்ளர் பாலை வைத்துவிட்டுப் போனார்.

கோபம் தீரவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். உங்களுடையது இருபது வருஷம் நின்றிருக்கிறது. நீர்மூழ்கிக்குள் தபால்காரர் எப்படி வந்து போனார் என்று நானும் ஒரு நாள் யோசித்திருக்க வேண்டும். அதைவிட, அங்கே வானம் எங்கே இருந்தது அப்பா? மாடிக்கு ஓடி ஓடி எதோடு நான் ஒப்பிட்டேன்?

படகு வரும் முன்பே பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். படகுத் துறைவரை போனேன். நீங்கள் சொன்னதால் திரும்பி வரவில்லை. அம்மா கையெழுத்தைப் பார்த்ததால் வந்தேன். இருக்கிறேன், வருஷத்தை முடிக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை.

அலமாரியில் இருக்கும் பத்தொன்பதில் ஒன்றுகூட இங்கே வரக் கூடாது. அதற்குப் பதிலாக, தினமும் காலை எட்டு மணிக்கு நீங்கள் வானத்தைப் பார்த்து ஒரு வரி எழுத வேண்டும். கை நடுங்கினாலும் உங்கள் கைதான். எங்கள் வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டு: பார்க்காததை எழுதக் கூடாது. பார்க்காத நாளில் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். பதினோராவது வரி என் மேசையில் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

சீக்கிரம் எழுந்து நடங்கள். நீங்கள் இல்லாமல் எனக்கு ஆகாது அப்பா.

வாலு


செப்டம்பர் 28

அன்புள்ள வாலுக்கு,

வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. எழுத்து கோணுவதற்கு மன்னி. இந்த ஒரு கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு வரிசையாகவே பதில்.

முடிச்சு. கடைசிச் சுற்றைக் கடத்தும்போது கயிற்றின் நுனியை முழுவதும் உள்ளே இழுத்துவிடாதே. மடித்து, மடிப்பை மட்டும் செருகு. நுனி வெளியே தொங்கட்டும். எவ்வளவு நனைந்து இறுகினாலும் நுனியை இழுத்தால் வந்துவிடும்.

வானம். அங்கே வானம் இல்லை, வாலு. தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் குழாய்கள் இருந்தன. அப்பா குழாயைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படி எழுதுவது? கிளம்புவதற்கு முன் நம் மாடியில் உட்கார்ந்து, பத்து வாரத்துக்கான வானத்தை நானே செய்து வைத்தேன். எனக்கும் அது உதவியது. ஞாயிற்றுக்கிழமை வந்தால், இன்று வாலு எந்த வானத்தைப் படிப்பாள் என்று கணக்குப் போட்டு, கண்ணை மூடி அதைப் பார்த்துக்கொள்வேன். பழக்கதோஷம், ஜூலையிலும் கை தானாக அதையே எழுதியது. உன்னைப் பயமுறுத்தியது தப்பு. மன்னித்துவிடு.

நிபந்தனை. எனக்கு ஒரு ஜன்னல்தான். அதில் தெரிகிறதை எட்டாகப் பிரித்தேன்.

22: மேகம் எட்டில் ஐந்து. தையற்காரர் சட்டைகள் ஆடுகின்றன, காற்று தெற்கு.
23: எட்டில் எட்டு. தூறல்.
24: எட்டில் இரண்டு. வெயில்.
25:
26: எட்டில் நான்கு. அரை இருந்தது, தள்ளிவிட்டேன்.
27: எட்டில் மூன்று. காற்று இல்லை.
28: எட்டில் ஒன்று. நன்றாக இருக்கிறது.

25ஆம் தேதி தூங்கிவிட்டேன். எழுந்தபோது மணி பத்து. எட்டு மணி வானம் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா

25ந் தேதி எட்டு மணிக்கு நல்ல மழை. எழுதட்டுமான்னு கேட்டேன், "நான் பாக்கலையே"ன்னு விடவே மாட்டேன்னுட்டார். நான் பாத்தேன்டி. அவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.
அம்மா